டேலியாக் கிழங்கும் கந்தகப் பொட்டலமும்

அந்தக் காவலர் கிழங்கை முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்க்கரைவள்ளி மாதிரி வயிறு, எலிவால் மாதிரி நுனி. கழுத்துப் பக்கம் கடுகளவில் ஊதா நிறமாக ஒரு முளை கிளம்பியிருந்தது. அவருடைய கட்டைவிரல் சரியாக அந்த முளையின்மேல் இருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இது என்னம்மா?”

“டேலியாக் கிழங்குங்க.”

“திங்கறதா?”

“இல்லீங்க. பூக்கறது.”

“பூக்கறத எதுக்கு ரூமுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“ஒளிச்சு” என்ற சொல் என் காதிலேயே நின்றது. அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது குன்னூரில் ஆரம்பித்து, ஆடிக்காற்று, ஐப்பசி மழை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வரவேண்டிய பதில். வாசலில் ஜீப் நிற்கும்போது அவ்வளவு நீளமான உண்மையை யார் கேட்பார்கள்?

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கூடத்தில் நின்றிருந்தார். இன்னொரு காவலர் அவரிடம், “பாய், நீங்க அங்கயே நில்லுங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்யாணப் பெட்டியில் வந்தது

போன வாரம் இந்தத் தொடரில் அத்தா, அதாவது என் அப்பா, நடத்திய குன்னூர் பேக்கரியைப் பற்றி எழுதினேன். பன் வாசனையிலேயே பக்கம் தீர்ந்துவிட்டது. கடைக்குப் பின்னால் இருந்த பூக்களை விட்டுவிட்டேன். அம்மா காலி டால்டா டின்களில் டேலியா வளர்த்தார். மழைக்காலம் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். கருஞ்சிவப்பு, வெள்ளை, நடுவில் மஞ்சள் ஓடிய ஆரஞ்சு. அங்கே டேலியா வளர்க்க ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாசியில் கிழங்கைப் புதைத்துவிட்டு மறந்துபோனால் போதும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன். பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய கிழங்குகளும் வந்தன. மாமியார் அவற்றை மலைநாட்டுக் காய் என்று நினைத்துப் பாதியைக் கறிக்குழம்பில் போட்டுவிட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். “உங்க ஊர்க் கெழங்குல ருசியே இல்லியே” என்றார் மாமனார். புதுப்பெண் நான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மீதிப் பாதியைக் குன்னூர் வழக்கப்படி மாசியில் கொல்லையில் நட்டேன். சித்திரை வெயிலில் மண்ணுக்குள்ளேயே வெந்துபோயின. தம்பி மலையிலிருந்து மறுபடி அனுப்பினான். ஆடியில் நட்டேன், காற்று இளந்தண்டை முறித்துப் போட்டது. அடுத்த வருஷம் ஐப்பசியில் நட்டேன். அடைமழையில் கிழங்கு கூழாகிவிட்டது.

இப்படிச் சில வருஷம் தோற்ற பிறகுதான் இந்த ஊரின் கணக்கு பிடிபட்டது. டேலியாவுக்குத் திருப்பூர் தருவது மார்கழி, தை இரண்டு மாதம்தான். மாசி வெயில் ஏறுவதற்குள் பூத்து முடித்துவிட வேண்டும். அப்படியென்றால் மழை வருவதற்கு முன்பே கிழங்கு தூக்கம் கலைந்திருக்க வேண்டும். வெளியே வெயிலும் காற்றும் விடாது. வீட்டுக்குள் வைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

கடைசி அறை

என் வீட்டுக்காரர் செய்தது வேஸ்ட் வியாபாரம். பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியை மூட்டையாக வாங்கி, தரம் பிரித்து விற்பார். வீட்டின் முன்பாதி குடோன், பின்பாதி நாங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், உடைந்த தராசும் கிழிந்த சாக்கும் கிடந்த ஒரு சின்ன அறை. அதை நான் கேட்டு வாங்கினேன்.

ஆவணி பிறந்ததும் வேலை தொடங்கும். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டிகளுக்குள் பிளாஸ்டிக் விரித்து, ஆற்றுமணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து போடுவேன். கிழங்குக் கொத்தைக் கத்தியால் பிரிப்பேன். ஒவ்வொரு துண்டிலும் கழுத்து இருக்க வேண்டும், கழுத்தில் கண் இருக்க வேண்டும். கண் இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. வெட்டிய வாயில் கந்தகத் தூளைத் தடவினால் அழுகாது. பிறகு படுக்கவைத்து, மேலே ஈரமான பனியன் துண்டுகளால் மூடிவிடுவேன். சாயம் போட்ட துண்டு ஆகாது. சாயம் இறங்கிக் கிழங்கைக் கெடுக்கும். சாயம் காணாத பழுப்பு வெள்ளைத் துணிதான் வேண்டும்.

தண்ணீர் தெளிப்பதில்தான் வீட்டில் சண்டை. போர்வெல் தண்ணீர் உப்பு, கிழங்குக்கு ஆகாது. எப்போதாவது குழாயில் வரும் குடிதண்ணீரிலிருந்து ஒரு சொம்பு எடுப்பேன்.

“மனுசன் குடிக்கவே காணல, கெழங்குக்கு நல்ல தண்ணியா?” என்பார் அவர்.

“ஒரு சொம்புதானுங்க.”

“அதுவும் என்ற பங்குச் சொம்பு” என்று சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போய்விடுவார்.

மேற்கு வெயிலும் அனல்காற்றும் வராமலிருக்க ஜன்னலை அட்டையால் மூடியிருந்தேன். முளை வந்த பிறகு இருட்டில் விட்டால் வெளிறி நூலாக நீண்டுவிடும். அதனால் பழைய டியூப்லைட் ஒன்றைப் பெட்டிகளுக்குமேல் தாழ்வாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது ராத்திரி பகல் எரியும். எலி புகாமலிருக்கக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது. அட்டை ஒட்டிய ஜன்னல், அணையாத விளக்கு, சாத்திய கதவு, உள்ளே கந்தகம். ஆனால் பத்து வருஷத்துக்குமேல் அப்படித்தான் இருந்தது. யாரும் எதுவும் கேட்டதில்லை.

“எதுக்குங்க?”

பிறகு ஒரு மாசியில் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்தன. எத்தனையோ வீடுகளில் சாவு. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எங்கள் சந்தில் என்ன மாறியது என்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

எங்கள் பக்கத்து வீடு சரஸ்வதி அக்கா வீடு. சரசக்கா என்போம். விவசாயக் குடும்பம், தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றுத் தையல் மெஷின்கள் போட்டுச் சின்னதாகக் கம்பெனி நடத்தினார்கள். அவர் என்னைவிடப் பெரியவர். நான் புதுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து என்னை வீட்டுப் பெண்ணைப்போல “அம்மிணி” என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். அதன்மேல் கிண்ணங்கள் போகும், வரும். என் வீட்டுத் தேங்காய்ச் சோறு அந்தப் பக்கம், அவர் வீட்டுப் பச்சைப்பயறு கடைசல் இந்தப் பக்கம்.

அந்த மாசியில் அவருடைய தங்கை மகன் கோயமுத்தூரில் இருந்தான். உயிர் தப்பினான். ஒரு காது கேட்காமல் போயிற்று. தேறுவதற்காகச் சரசக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தான். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சரசக்கா கேட்டிலேயே பையை வாங்கிக்கொண்டார்.

“தூங்கறானுங்க பாயம்மா. இன்னொரு நாளைக்கு வாங்க” என்றார்.

பாயம்மா. ஊரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து அது வந்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்த ஒரு சொல்லையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கும் காது கூர்மையாகிவிட்டது. நான் போனதும் பேச்சு நின்றால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். குடோனுக்கு வரும் சுமையாள் ஒருவன் மூட்டையை இறக்குவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சந்தேகம் ஒரு பக்கத்தில் மட்டும் வளரும் பயிர் இல்லை.

ஆவணி வந்தது. வழக்கம்போல நாட்டுமருந்துக் கடைக்குப் போய்க் கந்தகம் கேட்டேன். வருஷா வருஷம் பேசாமல் மடித்துத் தரும் கடைக்காரர் கையை நிறுத்தினார்.

“எதுக்குங்க?”

“பூச்செடிக்குங்க. கெழங்கு அழுகாம இருக்க.”

“பூச்செடிக்கா?” என்றார். பொட்டலத்தைக் கொடுத்தார். நான் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை அவர் பார்வை என் முதுகில் இருந்ததாக எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அதையும் ஒரு குற்றமாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம்.

ஜும்மா தவறிய வெள்ளி

அதனால்தான், அந்த வெள்ளிக்கிழமை அதிகாரி உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி என்னை உலுக்கிவிட்டது.

“கந்தகம் எங்க வெச்சிருக்கீங்க?”

கந்தகம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசி அறைக்குக் கூட்டிப்போனேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்தார்கள். மணலும் நார்த்தூளும் ஈரத்துணியும் கிழங்குகளும் குவியலாகக் கிடந்தன. ஒருவர் டியூப்லைட் ஒயரைச் சுவிட்ச்சிலிருந்து விளக்குவரை விரலால் தடவிக்கொண்டே போனார். கிழங்கைப் பிடித்திருந்தவர் அதை அதிகாரியிடம் காட்டினார். அதிகாரி அதை நகத்தால் கீறினார். வெள்ளைச் சதை தெரிந்தது.

“சாம்பிளுக்கு மூணு எடுத்துக்க” என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம், “ஸ்டேசன் வரைக்கும் வந்துட்டுப் போயிருங்க பாய். சும்மா விசாரணைதான்.”

“தொழுதுட்டு வரட்டுங்களா?”

“வந்துட்டுப் போய்த் தொழுவலாம்.”

அவர் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைப் பார்த்து, “கதவச் சாத்திக்க” என்று மட்டும் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது சந்து முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். சரசக்கா வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த வெயிலில் அவர் வீட்டு ஜன்னல் சாத்தி நான் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கியில் பாங்கு சொன்னார்கள். அவர் ஜும்மாவைத் தவறவிட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. கடைசி அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கிழங்குகளைப் பொறுக்கினேன். கழுத்து முறிந்ததை ஒரு பக்கம் ஒதுக்கினேன். கழுத்து போனால் அதோடு சரி. முளை மட்டும் ஒடிந்ததைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு கண் இருந்தால் அது கிளம்பும். மணலை அள்ளி நிரப்பினேன். அழுதேனா என்றால் இல்லை. அவர் திரும்பி வந்த பிறகு அழுதுகொள்ளலாம் என்று இருந்தேன்.

சாயங்காலம் நடந்தே வந்தார். கையில் ஒரு காகிதக் கவர். உள்ளே மூன்று கிழங்குகள்.

“திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றார்.

“என்ன கேட்டாங்க?”

“டீ குடுத்தாங்க.”

“என்னங்க கேட்டாங்க?”

“ஜமீலா, டீ குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.”

அதற்குமேல் அந்தப் பகலைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நானும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். கிழங்கைத் தூக்கியெறியச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கடைசி அறை ஜன்னலின் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

இரண்டே பேர்

நான் கந்தகம் வைத்திருந்தது வெளியாட்களில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். விற்ற கடைக்காரர் ஒருவர். இன்னொருவர் சரசக்கா. முன்பொரு வருஷம் கொல்லையில் கிழங்குக்குத் தூள் தடவிக்கொண்டிருந்தபோது, “அதென்னம்மிணி, மஞ்சளா?” என்று சுவருக்கு மேலிருந்து கேட்டவர் அவர். “கந்தகங்க்கா” என்று நான்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் இந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றி மனத்துக்குள் நிறுத்திப் பார்த்தேன். காலையில் கடைக்காரர்தான் என்று தோன்றும். சாயங்காலம் சரசக்கா துணி எடுக்க மாடிக்கு வந்து எங்கள் பக்கம் பார்க்காமல் போவதைக் கண்டால் இவர்தான் என்று தோன்றும். மறுநாள் அவர் என்னைப் பார்த்தால், எதற்குப் பார்க்கிறார் என்று தோன்றும்.

அந்தத் தீபாவளிக்குச் சுவரின்மேல் பலகாரத் தட்டு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

புரட்டாசிக் கடைசியில் செடிகளைக் கொல்லையில் மாற்றி நட்டேன். பாதிக்குமேல் தேறியிருந்தது. ஐப்பசி மழையை வேர்விட்டுத் தாங்கிக்கொண்டன.

நோன்பும் மார்கழியும்

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் மார்கழியும் ஒன்றாக வந்தன. விடியுமுன் சாப்பிடும் சகருக்குச் சமைக்க நான் எழுந்திருக்கும்போது சரசக்கா கோலம் போட எழுந்திருப்பார். இரண்டு வீட்டிலும் விளக்கு எரியும். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

முதல் பூ மார்கழி நடுவில் விரிந்தது. கருஞ்சிவப்பு. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால்தான் அடங்கும். அதற்குப் பின்னாலேயே மற்றவை வரிசையாக விரிந்தன. சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் காலை வெயில் வந்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் சரசக்கா வந்து நின்றார். வெகுநேரம் பூக்களையே பார்த்தார்.

“இதுக்குத்தானா அம்மிணி அந்த லைட் எரிஞ்சுது?”

“ஆமாங்க்கா.”

சுவரின் பூச்சை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: “நான்தான் சொன்னேன். எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவிய போலீசுல தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லிப்போட்டாங்க.”

எனக்குச் சந்தேகம் இருந்ததுதான். சந்தேகம் சரியாகிப்போனால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை.

“எங்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா?”

“கேக்கோணும்னு ரெண்டு தடவ செவுத்துக்கிட்ட வந்தனுங்க. நீ கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டே.”

“எலிக்குச் சாத்துனேங்க்கா.”

“அது எனக்கெப்படித் தெரியும்?” என்றார். “உள்ள பையன் காது கேக்காம படுத்துக் கெடந்தான். நான் மாடில நின்னு அட்டை இடுக்குல தெரியற அந்த லைட்டயே பாத்துட்டு இருந்தேன். நீயின்னு தோணுல அம்மிணி. உங்க ஊட்ல யாரோ என்னமோன்னு...”

“எங்க ஊட்ல நானும் அவரும்தானேக்கா?”

சரசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஒரு பூவைக்கூடப் பறித்துக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ராத்திரிச் சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கை தட்டில் நின்றது.

“சரசக்காவா?”

“ஆமாங்க.”

அடுத்த கவளத்தை எடுத்தார். “பெருநாளைக்குச் சோறு அனுப்பிரு” என்றார்.

“நான் அனுப்ப மாட்டேன்.”

“நீ ஆக்கு. நான் கொண்டுபோறேன்.”

சொன்னபடியே பெருநாளன்று அவரே தூக்குப்போசியில் சோற்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போனார். திகைத்துப்போய் எழுந்து நின்ற சரசக்காவின் வீட்டுக்காரர், கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தாராம். ஒருவருக்கொருவர் நூல் விலையைப் பற்றி மட்டும் பேசினார்களாம்.

அடுத்த ஆவணி

அடுத்த ஆவணியில் கந்தகம் வாங்கவில்லை. அடுப்புச் சாம்பலும் மஞ்சள்தூளும் கலந்து தடவினேன். கொஞ்சம் அழுகியது, போகட்டும். மரக்கதவைக் கழற்றிவிட்டு அவர் கம்பிவலைக் கதவு போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “எலிக்கு” என்றார்.

பெட்டிகளை அடுக்கி முடித்ததும், கையைக் கழுவிக்கொண்டு சுவருக்குப் போனேன்.

“அக்கா, கெழங்கு வெச்சிருக்கேன். வந்து பாத்துட்டுப் போங்க.”

சரசக்கா கொடியில் போட்டுக்கொண்டிருந்த துணியோடு திரும்பினார். “எதுக்கு அம்மிணி? நான் ஒண்ணும் நெனைக்கலீங்க.”

“தெரியுங்க்கா. சும்மா வாங்க.”

வந்தார். கம்பிவலைக் கதவைத் திறந்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். முதல் பெட்டியின் ஈரத்துணியை விலக்கிக் காட்டினேன். “கண்ணு எங்கிருக்குதுங்க?” என்று கேட்டார். காட்டினேன். “அட, ஆமா” என்றார். இரண்டாவது பெட்டிக்குப் போனோம். அதற்கடுத்த பெட்டியில் துணியை அவரே விலக்கினார். முழங்கால் வலியோடு ஒவ்வொன்றுக்கும் குனிந்தார், நிமிர்ந்தார்.

“போதுங்க்கா, எல்லாம் ஒண்ணுதான்” என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவோரம் நின்று காத்திருந்தேன். அவர் கடைசிப் பெட்டி வரைக்கும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.